சாளைக் கதவுக்குப் பின்னாடி ஒரு டிவி

சுவரில் மாட்டுகிற டிவிக்கு ஒரு குணம் உண்டுங்க. ஓடிக்கொண்டிருக்கும்போது அது படம், பாட்டு, செய்தி. அணைத்துவிட்டால் வெறும் கருப்புப் பலகை. நல்லா வெள்ளையடிச்ச சுவரில் யாரோ ஒரு பட்டை தாரைப் பூசிவிட்டுப் போன மாதிரி நிற்கும். நகரத்து வீடுகளில் இந்தக் கருப்பை மறைக்கத்தான் இப்போது பெரும்பாடு நடக்கிறது.

கோயம்புத்தூர் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஒரு சொந்தக்காரர் வீட்டில் சுவர் முழுக்கப் பிளைவுட் அடித்து, மேலே மரப்பட்டிகளை வரிசையாக ஒட்டி, இடுக்கில் எல்இடி விளக்கு விட்டிருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டில் கருங்கல் மாதிரி தெரிகிற டைல்ஸ். சிலர் அந்த ஒரு சுவருக்கு மட்டும் கருநீலமோ கரும்பச்சையோ பூசிவிடுகிறார்கள். செலவு குறைவு, பலனும் அதிகம். அடர்நிறச் சுவரில் கருப்புத் திரை அத்தனை துருத்திக்கொண்டு தெரியாது. இன்னும் சிலர் டிவியைச் சுற்றிப் பெரிசும் சிறிசுமாகப் படங்களை மாட்டி, டிவியையும் அதில் ஒரு படமாக்கிவிடுகிறார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கிறது. 2017-ல் சாம்சங் 'த ஃபிரேம்' என்று ஒரு டிவி கொண்டுவந்தது. விளிம்பு படச்சட்டம் மாதிரி இருக்கும். நிகழ்ச்சி பார்க்காத நேரத்தில் திரையில் ஓவியம் தெரியும். எல்ஜி 2020-ல் கொரியாவில் விற்பனைக்கு விட்ட ஒரு டிவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு பெட்டிக்குள் இறங்கிவிடும். விலையைக் கேட்டால் நாம் சுருண்டுவிடுவோம். அது வேற கதை.

எங்க வீட்டுக்கு இந்தப் பிரச்சினை போன தை மாசம் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற பையன் பொங்கலுக்கு 43 அங்குல டிவி ஒன்றை அனுப்பி வைத்தான். அதுவரைக்கும் எங்களிடம் இருந்தது பழைய பெட்டி டிவி.

அந்தப் பெட்டி டிவிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லணும். சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. எங்க பக்கத்துக் கிராமங்களுக்குப் படம் தெளிவாக வந்து சேர இன்னும் பல வருசம் ஆச்சு. முதலில் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு டிவி இருந்தது. மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவி ஒருத்தரிடம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் போடும்போது அவர்தான் ஊரிலேயே பெரிய மனுசர். பிறகு வீடுகளுக்கு வந்த டயனோரா, சாலிடேர் மாதிரியான டிவிகளிலும் முன்னால் இழுத்து மூடுகிற மரக் கதவு வைத்த மாடல்கள் உண்டு. பார்த்து முடித்ததும் சர்ரென்று இழுத்துச் சாத்தினால் அது ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். டிவியை மறைக்கிற வித்தை நம்ம ஊருக்குப் புதுசு இல்லைங்க.

2006-ல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு 14 அங்குலப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்தது. அதுக்குக் கதவு கிடையாது. ஆனால் தலை இருந்தது. அந்தத் தலையில் பூப்போட்ட துணியை விரிப்பார்கள். துணிமேல் பிளாஸ்டிக் ரோஜா, தலையாட்டிப் பொம்மை, பேத்தி பள்ளிக்கூடத்தில் வாங்கின கோப்பை, சில வீடுகளில் கரண்ட் பில் அட்டையும் ரேசன் கார்டும். ஒரே மாசத்தில் டிவி வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடும். இப்போது வருகிற தட்டை டிவிக்குத் தலையே கிடையாது. ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடம் தராது. வீடு தன் பங்குக்கு எதையும் அதன்மேல் சேர்க்க முடியாது. அதனால்தான் அது எத்தனை வருசம் ஆனாலும் விருந்தாளி மாதிரியே சுவரில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எங்க வீடு பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை. உள்ளே நுழைந்தால் ஆசாரம். கொங்குப் பக்கம் கூடத்தை அப்படித்தான் சொல்வோம். வாசலில் நுழைந்ததும் நேர் எதிரே தெரிகிற சுவரில்தான் வீட்டுப் படங்கள் இருக்கும். மேலே சாமி படங்கள். அதுக்குக் கீழே எங்க அப்பாரு, அப்பத்தா. அவர்களுக்குக் கீழே அப்பா. பக்கத்தில் கடிகாரம், தினசரிக் காலண்டர், ரசம் போன ஒரு கண்ணாடி. சாயங்காலம் அந்தச் சுவருக்கு அடியில்தான் விளக்கு வைப்பார்கள். யாரும் திட்டம் போட்டு அடுக்கினதில்லை. அறுபது எழுபது வருசத்தில் ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

டிவி மாட்ட வந்த தம்பி உள்ளே நுழைந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்.

"இதுதானுங்க கரெக்டான இடம். வாசல்ல இருந்தே தெரியும். பிளக் பாயிண்டும் இங்கயே இருக்குது. இந்த நாலு போட்டாவ மட்டும் எடுத்து அந்தப் பக்கம் மாட்டிட்டா முடிஞ்சுது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கயித்துக் கட்டிலில் உட்கார்ந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தது. வேணும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போய்த் தலைப்பை எடுத்து அப்பா போட்டோவின் கண்ணாடியை ஒரு துடை துடைத்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா டிவிக்கு எதிரி என்று நினைத்துவிடாதீங்க. ராத்திரி எட்டு மணிக்கு அது பார்க்கிற சீரியலில் யாரார் யாரை ஏமாத்தினாங்க என்பது வருசக்கணக்கில் அதுக்கு மனப்பாடம். புது டிவி வருகிறது என்றதும் முதலில் சந்தோசப்பட்டதும் அதுதான். அன்றைக்கு அந்தத் தம்பியிடம் "மதியத்துக்கு மேல வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அம்மாவிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, அங்க வேண்டாங்களா?"

"அங்க வேண்டாஞ்சாமி. உங்கய்யன் மொகத்துக்குப் பக்கத்துல அது நாளெல்லாம் கத்திட்டே இருக்கோணுமா? நான் காலைல முழிச்சா அந்தச் செவுத்தத்தான் பாக்கறேன். நாம பாக்கறப்ப பாத்துக்கலாம். பாக்காதப்ப அது நம்மளப் பாக்கக் கூடாது."

அதுக்கு மேல் அதைப் பற்றி அம்மா பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால் அது சொன்னதில் வீட்டுக் கணக்கு முழுக்க இருக்கிறது. நகரத்து வீட்டில் டிவியைச் சுற்றி மாட்டுகிற படங்கள் அழகுக்காக வாங்கினவை. டிவிக்காக அவற்றை இப்படி அப்படி நகர்த்தலாம். எங்க சுவரில் இருப்பவர்கள் அழகுக்காக அங்கே இருப்பவர்கள் இல்லை. அமாவாசைக்கு அவர்களுக்குத்தான் படையல். பொண்ணு பார்க்கப் போகும்போதும், கிணறு வெட்டக் கடப்பாரை எடுக்கும்போதும் அவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறோம். அவர்களுக்கு நடுவில் ஒரு டிவியை மாட்டி, அதில் ஓவியம் தெரிகிற மாதிரி வைத்தாலும் அது ஒட்டாது.

இன்னொன்றும் உண்டு. ஆசாரத்தில் வடக்கே ஒரு கட்டில், தெற்கே ஒரு பெஞ்சு. வருகிறவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத்தான் பேசுவார்கள். மாட்டு விலை, தண்ணி முறை, வரன் விசயம் எல்லாம் அப்படிப் பேசி முடிந்தவைதான். நேர்ச் சுவரில் டிவி வந்தால் கட்டில், பெஞ்சு, ஆள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். பேச வந்தவர் நம் காதைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்.

ஆக, தெற்குச் சுவர் என்று முடிவானது. பெஞ்சு வாசல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது.

அடுத்து வந்தது சுவரின் பிரச்சினை. எங்க வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கன மண் சுவர். மேலே சுண்ணாம்புப் பூச்சு. வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் ஆணி பிடிக்காது. டிரில் போட்டால் ஓட்டைக்குப் பதில் பொந்து விழும். பிளாஸ்டிக் பிளக்கை அடித்து ஸ்குரூவை முறுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுத்தும். ஏழெட்டுக் கிலோ டிவியை அதில் தொங்கவிட்டுக் கீழே பேரனைப் படுக்க வைக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். மண் சுவரில் பாரம் சுவருக்குப் போகக் கூடாது, தரைக்கு இறங்கணும்.

ஊர் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க சாளைக் கதவு என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

சாளை என்றால் தோட்டத்து வீடு. எங்க சாளை ஒரு மழைக்காலத்தில் இடிந்து விழுந்தபோது நிலவோடு ஒரு ஜோடிக் கதவை மட்டும் காப்பாற்றிக் கொட்டகையில் சாத்தி வைத்திருந்தோம். அப்பா போட்ட கதவு. தேக்கு நிலவு, அஞ்சு அங்குலக் கனம். உள்ளளவு மூன்றரை அடி அகலம். ஒவ்வொரு கதவும் ஒன்றே முக்கால் அடி. 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 96 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி ரெண்டு அங்குலம். இந்தப் பக்கம் ரெண்டு விரல், அந்தப் பக்கம் ரெண்டு விரல் விட்டு அப்படியே உள்ளே உட்காரும்.

ஆசாரியின் யோசனை இதுதான். நிலவை அப்படியே தெற்குச் சுவரை ஒட்டி நிறுத்திவிடுவது. கரையான் ஏறாமல் இருக்க நிலவுக்கால்களுக்கு அடியில் கடப்பாக்கல் துண்டு. மேலே விட்டத்தோடு ரெண்டு இரும்புப் பட்டை போட்டுக் கட்டிவிட்டால் சாயாது. நிலவுக்குள் முதுகுப் பக்கம் பலகை அடித்து, டிவி தாங்கியை அந்தப் பலகையில் முடுக்குவது. பாரம் முழுக்க நிலவு வழியாகத் தரைக்குப் போய்விடும். சுவருக்கு ஒரு ஸ்குரூகூடக் கிடையாது.

பழைய கதவு குடுமியில் சுத்துகிற கதவு. அதை எடுத்துவிட்டுக் கீல் போட்டு, ஆசாரத்துப் பக்கம் முழுசாகத் திறந்து சுவரோடு மடிகிற மாதிரி மாற்றினார். முதுகுப் பலகையின் பின்பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் ஒரு கை ஓட்டச் சொன்னேன். கரையானுக்கு அதைவிட மருந்து கிடையாது. ஆனால் கையில் பட்டால் தோலைப் பொசுக்கிவிடும். பூசிய பலகையை நாலைந்து நாள் வெயிலில் நல்லாக் காயவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவரணும். முன்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். மரம் கருத்து, டிவியின் கருப்போடு ஒன்றிக்கொள்ளும்.

ஆசாரிக்கு ரெண்டரை நாள் கூலி, கீல், பட்டை, போல்ட் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது.

இதில் சில விசயங்கள் நகரத்து அலங்காரப் புத்தகங்கள் சொல்லாதவை. பழைய வீட்டில் டிவி மாட்டுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் உயரம். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கும். திரையின் நடுப்பாகம் அந்த மட்டத்துக்கு வரணும் என்பார்கள். நாம் பாதிப் பேர் பாயில் உட்காருகிறவர்கள். பாயில் உட்கார்ந்தால் கண் மட்டம் ரெண்டரை அடிதான். சோபாக் கணக்கில் மாட்டினால் படம் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாங்கள் பாய்க்கும் கட்டிலுக்கும் பொதுவாக நடுப்பாகம் மூன்றடியில் வருகிற மாதிரி வைத்தோம்.

ரெண்டாவது, வயர். சுவரைத் தோண்டி வயரைப் புதைத்துப் பூசிவிட்டால் பார்க்க அழகு. மண் சுவரில் அது எலிக்கு வைக்கிற விருந்து. அதோடு ஐப்பசியில் இடி இறங்கும்போது பிளக்கையும் டிஷ் கேபிளையும் ஒரு நொடியில் பிடுங்க முடியணும். பிளக்கை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் இருட்டில் கைவிட்டுத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்களுடையது நிலவுக்கு வெளியே, வயதானவர் கைக்கும் எட்டுகிற உயரத்தில், வெளியே தெரிகிற மாதிரியே இருக்கிறது. அதன் பட்டைக்குச் சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். போதும்.

மூன்றாவது, ரிமோட். செட்டாப் பாக்ஸை மரக் கதவுக்குள் மூடி வைத்தால் ரிமோட் வேலை செய்யாது. டிவிக்குக் கீழே ஒரு தட்டு அடித்து, முன்னால் பழைய நாற்காலியில் இருந்த பிரம்புப் பின்னலை வெட்டி ஒட்டினார் ஆசாரி. பெட்டி கண்ணுக்குத் தெரியாது. பின்னல் கண் வழியாக ரிமோட்டும் வேலை செய்கிறது, காற்றும் போகிறது.

நாலாவது, சூடு. கதவை மூடிக்கொண்டு டிவி ஓடக் கூடாது. அணைத்ததும் உடனே சாத்தாமல் கொஞ்ச நேரம் ஆறவிடணும். திரைக்கு மேலே இடம் விட்டு, முதுகுப் பலகையிலும் வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறோம். அந்த ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டியாகணும். இல்லையென்றால் குளவி வந்து மண் கூடு கட்டும். பழைய டிவியின் ஒயர் சொருகுகிற ஓட்டைக்குள்ளேயே கட்டி வைத்திருந்தது.

கடைசியாக, வெளிச்சம். ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்காக நடுநடுவே கண்ணாடி ஓடு போட்டிருப்போம். அந்த வெயில் கட்டம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும். எந்தச் சுவரில் மாட்டுவதாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டம் எங்கெங்கே போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. ஃபிளாட்டில் ஜன்னலுக்கும் இதே கணக்குதான்.

வேலை முடிந்து கதவைச் சாத்தியபோது ஆசாரம் பழைய மாதிரியே இருந்தது. தெற்கே ஒரு அறை கூடின மாதிரி. முதல்முறை வருகிறவர்கள் "அந்தப் பக்கம் ரூம் கட்டிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். எட்டு மணி ஆனதும் அம்மா எழுந்து போய் நாதாங்கியைத் தூக்கும். அந்த இரும்புச் சத்தம் கேட்டால் சீரியல் நேரம் என்று எதிர்வீட்டுக்கே தெரியும். அந்தக் கதவைக் கையால் தொடும்போதெல்லாம் அம்மா ஒரு நிமிசம் நிற்கிறது. கல்யாணமாகி வந்து முதல் அஞ்சாறு வருசம் அது குடித்தனம் பண்ணினது அந்தச் சாளையில்தான்.

சித்திரையில் எதிர்வீட்டுத் தாத்தா தவறிவிட்டார். எங்க ஊரில் தெருவில் எழவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் யார் வீட்டிலும் டிவி ஓடாது. வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேர நேரமானதால் ஒன்றரை நாள் ஆனது. அந்த வீட்டில் இடம் போதாமல் பாதிச் சனம் எங்க ஆசாரத்தில் வந்து உட்கார்ந்தது. கட்டிலில் நாலு பேர், பெஞ்சில் அஞ்சு பேர், பாயில் பொம்பளைகள். ராத்திரி முழுக்க அந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள். பஞ்சகாலத்தில் அவர் ஒத்தை ஏற்றத்தில் இறைத்த தண்ணியைப் பற்றி, அவர் மாட்டுக்கு வைத்த பேர்களைப் பற்றி, அவர் கடன் கொடுத்துவிட்டுக் கேட்காமல் விட்டதைப் பற்றி. கூட வந்த சின்னப் பசங்களில் ஒருத்தன்கூட "டிவி எங்க?" என்று கேட்கவில்லை. அங்கே டிவி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. முதல்நாள் வாசலில் வைத்து அந்தத் தம்பி சொன்ன இடத்திலேயே மாட்டியிருந்தால், அத்தனை பேரும் அந்தக் கருப்புக் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

டிவி வீட்டோடு ஒன்றிப்போவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது. பின்னால் என்ன மரம், என்ன கல், என்ன விளக்கு என்பதெல்லாம் ரெண்டாம் பட்சம். அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்ததோ, அதை அணைத்த பிறகும் அது நடக்கணும். ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்கு டிவி பாயிண்டைக் கட்டினவரே முடிவு பண்ணிவிடுகிறார் என்பது தெரியும். இருந்தாலும் தச்சு வேலைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் உங்க ஹாலில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனிச்சுப் பாருங்க. வயசானவங்க வீட்டில் இருந்தால் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நேராகப் பதில் சொல்ல மாட்டாங்க. கை எந்தப் போட்டோவைத் துடைக்குது என்று பாருங்க.

பையன் லீவுக்கு வந்தவன் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தான். ரொம்பப் பிடித்துவிட்டது. "அடுத்த வருசம் 55 இஞ்ச் எடுத்துரலாம்ப்பா" என்றான். ஆசாரி அப்போது பக்கத்தில்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிலவை ஒரு சாண் போட்டு அளந்தார்.

"அது நாலடி அகலம் வருமுங்க தம்பி. உங்க தாத்தா மூணரை அடிக்குத்தான் நெலவு போட்டிருக்காரு."